பறவைகளுக்கு ஒரு தானியப் பாத்தி: வடசென்னையில் புரட்டாசி விதைப்புக்கு முழு வழிகாட்டி

மாதவரம், மணலி, திருவொற்றியூர், கொடுங்கையூர் பக்கம் உங்களுக்கு ஒரு காலி மனையோ, பள்ளிக்கூடத்தின் பின்பக்கமோ, வெயில் விழும் மொட்டை மாடியோ இருந்து, அதில் சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் தானியம் விளையவைக்க ஆசைப்பட்டால் இது உங்களுக்கு. இதை ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. கார்த்திகை மாதம் பூசணம் பிடித்துக் கறுத்த கதிரைக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களும் நிறைய. உரம், மண், விதை என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் விதைத்த தேதிதான் காரணம். அதனால் கீழே தேதிக்குத்தான் அதிக இடம்.

1. யாருக்காக விதைக்கிறோம் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

‘பறவைகளுக்கு’ என்று பொதுவாகச் சொன்னால் பயிரைத் தேர்ந்தெடுக்க முடியாது. சில்லை, அதாவது முனியா, மிகச் சின்ன அலகு உள்ளது, கூட்டமாக வரும், தண்டில் தொத்திக்கொண்டு கதிரிலிருந்தே தானியத்தை உருவும். அதற்குக் குதிரைவாலி, சாமை, தினை. சிட்டுக்குருவிக்கு இவற்றோடு கம்பும் சரிப்படும். தவிட்டுப்புறா கீழே உதிர்ந்ததைப் பொறுக்கும். கிளிக்குச் சூரியகாந்தி, கம்பு. ஆனால் அது கதிரையே கடித்துத் துண்டித்துவிடும், பாதி வீணாகும், அது தெரிந்தே கொஞ்சம் கூடுதலாக விதைக்க வேண்டும்.

சிட்டுக்குருவி வளர்ந்த பிறகு தானியம் தின்றாலும், குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். தானியம் மட்டும் விளைந்து பூச்சியே இல்லாத பாத்தி அதற்குப் பாதிச் சாப்பாடுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் மருந்து அடிக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

எண்ணூர் கழிமுகத்துக்கு வரும் நாரை, உள்ளான் மாதிரி நீர்ப்பறவைகளுக்கு இந்த வேலையில் சம்பந்தமே இல்லை. அவற்றுக்கு வேண்டியது சேறும் மீனும். ஏரிக்கரை, கழிமுகம், சதுப்பு இடங்களில் தயவுசெய்து எதையும் விதைக்காதீர்கள்.

2. கதிர் முற்றும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆடிப்பெருக்கு அன்று கம்பு விதைக்கிறார்கள். கம்பு முற்ற 85, 90 நாள் ஆகும். ஆகஸ்ட் 3 அன்று விதைத்தால் அக்டோபர் கடைசியில் முற்றும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். நவம்பர்தான் உச்சம், வருஷம் முழுக்கப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதாவது கதிர் காய வேண்டிய வாரத்தில் அது நனைந்துகொண்டே நிற்கும். பூசணம் பிடிக்கும், கதிரிலேயே முளைக்கும், தேன் ஒழுகல் நோய் வரும். அந்த நோய் வந்த கதிரைப் பறவைக்கு விடவே கூடாது, அதில் நஞ்சு இருக்கிறது.

அதனால் நான் சொல்லும் கணக்கு மூன்று தவணை.

ஆடித் தவணை: கம்பு வேண்டுமென்றால் ஆடி பிறந்த வாரத்திலேயே, ஜூலை 17-ஐ ஒட்டி விதைத்துவிடுங்கள். அக்டோபர் 10, 15-க்குள் முற்றும், மழைக்கு முன்னால் பறவைகள் தின்று முடிக்கும். ஆடி பத்தைத் தாண்டிவிட்டதா, இந்தத் தவணையை விட்டுவிடுங்கள்.

புரட்டாசித் தவணை: இதுதான் முக்கியமானது, இந்த வழிகாட்டி முழுக்க இதைப் பற்றித்தான். செப்டம்பர் 18-லிருந்து அக்டோபர் 2-க்குள் குதிரைவாலி. சுமார் 95 நாள் பயிர் என்பதால் டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரத்தில் முற்றும், அதற்குள் பெருமழை அடங்கியிருக்கும். அக்டோபர் 2-க்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், பருவமழை அடித்துப் பெய்வதற்கு முன் நாற்றுக்கு மூன்று வாரமாவது வேர் பிடிக்க நேரம் வேண்டும். ஒரு விரல் உயரத்தில் நிற்கும் நாற்றை ஒரே இரவு மழை மண்ணோடு சேர்த்து அரித்துக்கொண்டு போய்விடும்.

மார்கழித் தவணை: டிசம்பர் பாதிக்கு மேல் கம்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புரட்டாசிக்கு ஏன் கம்பு இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். கம்பு பூக்கும்போது மழை அடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும், கதிர் பொக்காகும். அப்புறம் கம்பு, தினை இரண்டுக்கும் வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. குதிரைவாலி நெல் வயலில் களையாகவே முளைக்கும் புல்லுக்குச் சொந்தக்காரப் பயிர், தண்ணீரில் சில நாள் நின்றாலும் தாங்கும். சாமையும் ஓரளவு தாங்கும். வடசென்னைக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

இன்னொன்று: முழு இடத்தையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பாதியைச் செப்டம்பர் 18 வாக்கில், மீதியைப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. எல்லாம் ஒரே வாரத்தில் முற்றினால் சில்லைக் கூட்டம் சில நாளில் காலி பண்ணிவிட்டுப் போய்விடும்.

3. இடம் பார்ப்பது: ஆவணியிலேயே

முதலில் மனைக்காரரிடம் அனுமதி. வாயால் கேட்டாலும் போதும், ஆனால் ஜனவரி வரை இடம் வேண்டும் என்பதைச் சொல்லியே கேளுங்கள். பயிர் பாலேறும் நேரத்தில் ஜேசிபி வந்து நிற்பது இங்கே சாதாரணம்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் வேண்டும். பக்கத்தில் ஒரு மரமோ புதரோ இருந்தால் நல்லது, வல்லூறு வந்தால் குருவிகள் பாய்ந்து ஒளிய இடம் வேண்டுமே. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், காரணம் எலி.

அப்புறம் மண்ணின் வரலாற்றை விசாரியுங்கள். நம் பக்கத்துக் காலி மனைகளில் பாதி ரப்பிஷ் கொட்டி மேடாக்கியவை. செங்கல், காரை மட்டும் என்றால் பொறுக்கி எடுத்துச் சரிபண்ணலாம். ஆனால் பேட்டரி உடைத்த இடம், ஒயர் எரித்துச் செம்பு எடுத்த இடம், ஆயில் கசிந்து கறுத்த இடம் என்றால் கண்டிப்பாக வேண்டாம். தானியம் தின்னும் பறவைகள் அரைவைக்காகச் சின்னச் சின்னக் கல்லையும் விழுங்கும். அந்த மண்ணில் ஈயத் துணுக்கு இருந்தால் அதுவும் வயிற்றுக்குப் போகும்.

ஆவணியில் சாயங்கால இடிமழை ஒன்றிரண்டு வரும். மழை விட்ட அரை மணி நேரத்தில் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலைக்கு ஓடுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். பாத்திக்கு வாட்டம் அந்தக் குச்சிகளை வைத்துத்தான் முடிவாகும். வெயில் நாளில் கண்ணால் பார்த்து மட்டம் கணிப்பது பெரும்பாலும் தவறாகத்தான் போகும்.

4. தண்ணீரும் முளைப்புச் சோதனையும்

மீஞ்சூர், எண்ணூர் சுற்றில் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உப்புத் தண்ணீரை வளர்ந்த பயிர் சமாளித்துக்கொள்ளும், முளைக்கும் விதை சமாளிக்காது. கேன் வாட்டர்காரர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரில் உங்கள் போர் தண்ணீரைப் பாருங்கள். 1000-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 2000-ஐத் தாண்டினால் முளைக்கும் முதல் வாரத்துக்காவது லாரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள்.

அதோடு ஒரு சோதனை, இதைத் தவிர்க்கவே கூடாது. இரண்டு பழைய பருத்தித் துணி எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 விதையை எண்ணிப் பரப்பிச் சுருட்டுங்கள். ஒன்றைக் குடிதண்ணீரில் நனையுங்கள், மற்றதைப் போர் தண்ணீரில். நிழலில் வைத்து, காய விடாமல் அதே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்து ஐந்தாம் நாள் பிரித்துப் பாருங்கள். இரண்டிலும் 40-க்கு மேல் முளைத்திருந்தால் எல்லாம் சரி. இரண்டிலும் முளைக்கவில்லை என்றால் விதை மோசம். குடிதண்ணீர்த் துணியில் வெள்ளை முளை நீண்டிருக்க, போர் தண்ணீர்த் துணியில் விதை உப்பி அப்படியே கிடந்தால், அல்லது முளை நுனி பழுப்பாகிக் கருகி நின்றால், தண்ணீர்தான் காரணம். விதைத்த பிறகு பத்து நாள் காத்திருந்து யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

5. விதை வாங்குவது

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். மளிகைக் கடையில் கிடைப்பது தினை அரிசி, குதிரைவாலி அரிசி, சாமை அரிசி. உமி நீக்கியது, அது சமையலுக்கு. அதை நம்பி விதைக்க முடியாது. உமியோடு இருக்கும் விதைதான் வேண்டும், கையில் எடுத்தால் வழவழப்பாக, பளபளப்பாக நழுவும். கம்புக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை, அதற்கு உமி ஒட்டியிருக்காது, மளிகைக் கம்பே பழையதாக இல்லாவிட்டால் முளைக்கும். லவ் பேர்ட்ஸ் தீவனம் விற்கும் கடையில் கிடைக்கும் தினை உமியோடு இருக்கும், சோதித்துப் பார்த்து, தண்ணீர் தேங்காத இடத்தில் அதையும் விதைக்கலாம். குதிரைவாலியில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ (கேவி) 2 ரகம் கிடைத்தால் வாங்குங்கள்.

விதைக் கடையில் ‘மருந்து கலக்காத விதை’ என்று கேட்டு வாங்குங்கள். ரோஸ், சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறிய விதை நேர்த்தி செய்தது, பூச்சிக்கொல்லி அல்லது பூசணக்கொல்லி பூசியது. மண்ணில் மேலாகக் கிடக்கும் நாலு விதையைப் புறா பொறுக்கினால் போதும், நாம் எதற்காக இதைச் செய்கிறோமோ அதற்கே விஷம் வைத்தது மாதிரி.

சோளம் வேண்டாம். இளம் சோளத் தட்டையில், அதுவும் வாடியதில், மாட்டைக் கொல்லும் அளவுக்கு நஞ்சு சேரும். நம் தெருவில் மாடு எந்த வேலியையும் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். ஒரு பால்காரரின் மாடு போனால் அது அந்தக் குடும்பத்தின் பிழைப்பு.

6. பாத்தி போடுவது, களையை முதலில் முளைக்கவிடுவது

ஆகஸ்ட் கடைசியில் கல், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கிவிட்டு முக்கால் அடி ஆழம் கொத்திவிடுங்கள். ஒரு சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய சாணி எரு. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும், ஆனால் பழைய குவியலின் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். பச்சைச் சாணியோடு களை விதையும் வேர்ப்புழுவும் சேர்ந்து வரும்.

அப்புறம் நாலடி அகலத்தில் மேட்டுப்பாத்தி, இரண்டு பாத்திக்கு நடுவே ஓரடி வாய்க்கால். அந்த வாய்க்கால் மண்ணை அள்ளிப் பாத்தி மேல் போட்டால் அரையடி உயரம் தானாகக் கிடைக்கும். நாலடிக்கு மேல் அகலம் போனால் நடுவில் களை எடுக்க உள்ளே மிதிக்க வேண்டிவரும். வாய்க்கால் எல்லாம் நீங்கள் குச்சி நட்ட தாழ்வான மூலைக்குப் போகட்டும், ஆனால் பக்கத்து வீட்டு வாசலுக்குத் திருப்பிவிடாதீர்கள்.

பாத்தி போட்டதும் விதைத்துவிடத் தோன்றும். பொறுங்கள். தண்ணீர் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா விடுங்கள். மண்ணில் உறங்கும் களை விதையெல்லாம் கிளம்பும். அதை மேலாகச் செதுக்கி எடுத்த பிறகுதான் விதைப்பு. ஆழமாகக் கொத்தினால் அடியில் இருக்கும் களை விதையை மேலே கொண்டுவந்து வைத்ததாகும். குதிரைவாலி நாற்றும் புல் களையும் முதல் மூன்று வாரம் பார்க்க ஒன்று போலவே இருக்கும், பிரித்தெடுக்கவே முடியாது. கோரையை மட்டும் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

வரப்பில் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் தானாக முளைத்தால் விட்டுவிடுங்கள், வண்ணத்துப்பூச்சிக்குத் தேன். இடம் இருந்தால் ஒரு மூலையில் எருக்கு, இன்னொரு மூலையில் கிலுகிலுப்பை. இவற்றில் வரும் புழுக்கள் உங்கள் தானியத்துக்குத் தாவாது.

வேலிக்குச் சீமைக்கருவேல முள் போதும். நைலான் வலை கட்டாதீர்கள், குருவியும் ஓணானும் சிக்கிச் சாகும்.

7. விதைப்பு

குதிரைவாலி ஒரு சென்ட்டுக்கு 50 கிராம் கணக்கு, எறும்பும் புறாவும் எடுப்பதைச் சேர்த்து 60 கிராம். அரை கிரவுண்டு இடம் என்றால், அதாவது 1200 சதுர அடிக்கு, சுமார் 165 கிராம் வரும். ‘இவ்வளவுதானா’ என்று இன்னும் ஒரு பிடி போடுகிறவர்கள்தான் அதிகம். நெருக்கமாக முளைத்தால் தண்டு மெலிந்து, முதல் காற்றிலேயே சாயும்.

விதையை நாலைந்து பங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள். மணல் விழுந்த தடம் ஈர மண்ணில் வெளுப்பாகத் தெரிவதால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும். பிறகு விரலால் கீறிவிட்டு அரை விரற்கடை மண் மூடினால் போதும். ஆழம் போனால் இந்தச் சின்ன விதைக்கு மேலே வரத் தெம்பு இருக்காது.

மேலே தென்னை ஓலையைப் பரப்புங்கள். பெருமழைத் துளி மண்ணை அடித்து இறுக்கி ஓடு மாதிரி ஆக்கிவிடும், முளை அதை உடைக்காது. ஓலை அந்த அடியையும் வாங்கிக்கொள்ளும், புறாவையும் தடுக்கும். நாலைந்து நாளில் பச்சை தெரிந்த உடனே ஓலையை எடுத்துவிட வேண்டும், அதுவும் சாயங்காலத்தில். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

மொட்டை மாடி என்றால் ஓரடி ஆழத் தொட்டியோ பழைய பிளாஸ்டிக் கிரேட்டோ போதும். காசிமேட்டில் கிடைக்கும் தெர்மாகோல் மீன் பெட்டியை நிறையப் பேர் எடுத்து வருகிறார்கள். உப்பு போக நன்றாகக் கழுவ வேண்டும் என்பது ஒரு பக்கம், வெயிலில் அது உதிர்ந்து வெள்ளை உருண்டையாகப் பறக்கும், அதைக் குருவி கொத்தும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

8. முதல் மாதம்

பதினைந்தாம் நாள் நெருக்கமான நாற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள், செடிக்குச் செடி நாலு விரல் இடைவெளி. கூடவே புல் அல்லாத களையை எடுத்துவிடுங்கள். யூரியா வேண்டாம், தழை தளதளவென்று ஏறிச் சாயும். மருந்து எதுவும் வேண்டாம், இலையில் ஓட்டை விழுந்தால் விழட்டும், அந்தப் புழுதான் குஞ்சுக்குச் சாப்பாடு என்று முதலிலேயே சொன்னேன்.

9. மழைக்காலம்

ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு வாய்க்காலைப் போய்ப் பாருங்கள், பிளாஸ்டிக் பை ஒன்று அடைத்தால் போதும், பாத்தி குளமாகும். பயிர் தாங்கும் என்பதற்காகத் தண்ணீரை நிற்க விடக் கூடாது, ஒரு வாரம் நின்றால் கொசு பெருகிவிடும். அக்கம்பக்கத்தார் ‘உங்கள் தோட்டத்தால்தான் டெங்கு’ என்று சொல்லும் நிலை வந்தால் அடுத்த வருஷம் அந்த இடம் கிடைக்காது.

புயல் அடித்துப் பயிர் சாய்ந்தால் பிடுங்காதீர்கள். இளசாக இருந்தால் கணுவிலிருந்து மறுபடி நிமிரும். முற்றிய கதிரோடு சாய்ந்திருந்தால் நாலைந்து தண்டாகச் சேர்த்துச் சணல் கயிற்றில் தளர்வாகக் கட்டி நிறுத்துங்கள், கதிர் தரையைத் தொடாமல் இருந்தால் பூசணம் பிடிக்காது.

10. கதிர் முற்றியதும்

பால் பிடிக்கும்போதே சில்லை வர ஆரம்பிக்கும். அறுக்க வேண்டாம், நின்ற கதிராகவே விடுங்கள். அறுத்துத் தரையில் கொட்டினால் மாடப்புறாதான் வந்து மொத்தத்தையும் தின்னும், எலியும் பெருச்சாளியும் பின்னாலேயே வரும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். மெல்லிய தண்டில் தொத்தித் தின்னச் சின்னப் பறவைகளால்தான் முடியும் என்பதால் நின்ற பயிர் அவற்றுக்கே போய்ச் சேரும்.

நாலில் ஒரு பங்கு கதிரை மட்டும் நன்றாக முற்றியதும் அறுத்து, நிழலில் காயவைத்துத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். அதில் கொஞ்சம் அடுத்த வருஷ விதை, மீதி மாசி, பங்குனியில் கொத்தாகக் கட்டி வைக்க. பக்கத்தில் ஒரு அகலமான மண்சட்டியில் தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும்.

கூட்டம் வர ஆரம்பித்ததும் இடத்தின் பெயரோடு படம் போடாதீர்கள். முனியாவையும் கிளியையும் வலை போட்டுப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வலையோடு யாரையாவது பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

11. மார்கழியில் மறுபடி ஒரு கம்பு

ஆடிக் கம்பு முடிந்தோ, முதலில் விதைத்த குதிரைவாலியைப் பறவைகள் தின்று முடித்தோ காலியான பாத்தியில் தட்டையை அடியோடு பிடுங்காமல் தரை மட்டத்துக்கு அறுத்து, நடுவில் வரிசை கீறிக் கம்பு போடுங்கள், சென்ட்டுக்கு 20 கிராம். டிசம்பர் பாதிக்கு முன் அவசரப்பட வேண்டாம். 2015-லும், மிக்ஜாம் வந்த 2023-லும் டிசம்பர் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 20 வாக்கில் போட்டால் பிப்ரவரி கடைசியில் பாலேறும், மார்ச் பாதியில் முற்றும். மண்ணில் மழை ஈரம் இருக்கும்வரை அதை வைத்தே ஓட்டலாம், தைக்குப் பிறகு வாரம் ஒரு தண்ணீர்.

குதிரைவாலி பாத்தியில் கதிர் இன்னும் நிற்கிறது, பறவை வந்துகொண்டிருக்கிறது என்றால் அந்தப் பாத்தியைத் தொடாதீர்கள், காலியானதில் மட்டும் கம்பு போடுங்கள். அறுத்த தட்டையைப் போகிக்குக் கொளுத்திவிடாமல் கம்பு வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் போடுங்கள். மிச்சம் இருந்தால், பூசணம் இல்லாததாகப் பார்த்து, எரு கொடுத்த மாட்டுக்காரருக்கே கொடுத்துவிடலாம்.